ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்றார் அந்தப் பேரரசர்

சீனாவில் மிங் வம்சத்தை 1368இல் நிறுவிய ஜூ யுவான்ஜாங், தன் வழிவந்தவர்கள் எப்படி ஆள வேண்டும் என்று ஒரு நூலே எழுதிவைத்தார். 'மூதாதையர் அறிவுரை' என்று சொல்லலாம். படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

1344இல் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்து அப்பா, அம்மா, மூத்த அண்ணன் மூவரையும் பறிகொடுத்து, புத்த மடத்தில் சேர்ந்து, பிச்சையெடுத்துத் திரிந்தவர் அவர். ஆறு வருஷத்தில் ஏழு தடவை திருத்தி எழுதி, அரண்மனைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்துக் காலையும் மாலையும் பார்த்ததாக முன்னுரையில் சொல்கிறார். இறுதி வடிவம் 1395இல் வந்தது. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பு வேறு.

1398இல் அவர் இறந்தார். மறுவருஷமே மகன் ஜூ டி, அரியணையில் இருந்த தன் அண்ணன் மகன்மீது படையெடுத்தார். ஆதாரமாகக் காட்டியது இதே நூலை! அரசவையில் துரோகிகள் புகுந்தால் இளவரசர்கள் படையைத் தயார்செய்து பேரரசரின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அப்பா எழுதியது. மகன் எடுத்துக்காட்டியபோது காத்திருக்கும் பகுதியை விட்டுவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, படையெடுக்கக் கூடாத 15 நாடுகளின் பட்டியல். கொரியா, ஜப்பான், அன்னாம் (இன்றைய வடக்கு வியட்நாம்), சம்பா (அதற்குத் தெற்கே இருந்த நாடு), சயாம் (தாய்லாந்து), ஜாவா எல்லாம் அதில் உண்டு. அந்த மண்ணைப் பிடித்தாலும் நமக்குச் சோறு போடாது, மக்களைப் பிடித்தாலும் ஏவலுக்கு ஆகாது என்று காரணமும் சொல்கிறார். பட்டினி கண்டவரின் கணக்கு அது. அரியணையைப் பிடித்துவிட்ட அதே ஜூ டி 1406இல் அன்னாமுக்குப் படை அனுப்பினார். இருபது வருஷம் போராடிவிட்டு, 1427இல் மிங் படை திரும்ப வேண்டியதாயிற்று.

தான் ஒழித்த முதலமைச்சர் பதவியை மீண்டும் கொண்டுவரச் சொல்பவருக்கு மரண தண்டனை என்று எழுதியதை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் அந்தத் தடையை யாரும் தொடவில்லை.

அரச குலத்துக்கு அவர் வகுத்த மானியத்தையும் பின்வந்தவர்கள் விடவில்லை. இளவரசருக்கு வருஷம் 10,000 ஷி (பழைய சீன அளவை) தானியம், கடைநிலை வாரிசுக்கு 200, அதுவும் தலைமுறை தலைமுறையாக. திறமையுள்ள வாரிசுகளுக்கு அரசுப் பதவி தரலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். 1562இல் லின் ருன் என்ற கண்காணிப்பு அதிகாரி கணக்குக் காட்டினார்: தலைநகருக்கு வருஷம் வரும் தானியம் 40 லட்சம் ஷி, அரச குலத்துக்குத் தர வேண்டிய மானியம் 85 லட்சத்து 30 ஆயிரம். அத்தனை பெரிய கணக்கிலும் கடைநிலையில் இருந்தவர்கள் பசியும் குளிருமாகக் கிடந்தார்கள் என்று அவரே எழுதுகிறார்.