கானா கேட்பவன் மூளையை அளக்காதீர்கள்

யூடியூபில் ஏதாவது ஒரு பழைய ராஜா பாட்டைப் போட்டுவிட்டு, கீழே இருக்கும் கருத்துகளைக் கொஞ்ச நேரம் படித்துப் பாருங்கள். முதலில் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். கொஞ்சம் இறங்கினால் பேச்சு ஆளைப் பற்றி மாறிவிடும். "இப்ப வர்ற பாட்டைக் கேக்குறதுங்க எல்லாம் தற்குறிங்க" என்பார் ஒருவர். அவருக்கு நூறு பேர் லைக் போட்டிருப்பார்கள். கர்நாடக சங்கீதம் கேட்டால் அறிவாளி, ராஜா கேட்டால் ரசனைக்காரர், குத்துப் பாட்டு கேட்டால் சுமார், கானா கேட்டால் பேசவே வேண்டாம். இப்படி ஒரு வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நம் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இந்த வரிசையை நான் நம்பவில்லை. பாட்டு ரசனையை வைத்து ஒருவரின் அறிவை எடைபோடுவது தவறு என்பது மட்டுமில்லை, அது அடுத்தவரைக் கீழே வைப்பதற்கான சுலபமான வழி. நேரடியாகச் சொன்னால் அசிங்கமாக இருக்கும் ஒன்றை, ரசனை என்ற பெயரில் கௌரவமாகச் சொல்லிவிடலாம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். அதனால் "ஆய்வே சொல்லுதே சார்" என்று யாராவது ஆரம்பித்தால் சும்மா இருக்க முடிவதில்லை. அப்படி அடிக்கடி காட்டப்படுவது ஒரு வரைபடம். 2009-இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த விர்ஜில் கிரிஃபித் என்பவர் போட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்கள் ஃபேஸ்புக்கில் தங்களுக்குப் பிடித்த இசை என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்தார். அந்தக் கல்லூரி மாணவர்கள் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் எடுத்த சராசரி மதிப்பெண்ணையும் எடுத்தார். இரண்டையும் பொருத்தினார். உச்சியில் ஐரோப்பியச் செவ்வியல் இசைமேதை பீத்தோவன் வந்தார், அடியில் ராப் பாடகர் லில் வெய்ன். போதாதா? "ராப் கேட்டால் மூளை மழுங்கும்" என்று இணையம் முழுக்க அது சுற்றியது. ஒன்றால்தான் மற்றொன்று நடக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை என்று கிரிஃபித்தே எழுதியிருந்தார். அதை யார் படித்தார்கள்!

இந்த வரைபடத்தை நான் வகுப்பில் காட்டுவதுண்டு, எப்படி ஏமாறக்கூடாது என்பதற்கு. அதில் தனி ஆளின் மதிப்பெண் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் கல்லூரியின் சராசரி. ஒரு மாவட்டத்தின் சராசரி வருமானம் அதிகம் என்பதால் அந்த மாவட்டத்தில் டீக்கடை வைத்திருப்பவர் பணக்காரர் ஆகிவிடுவாரா? லில் வெய்ன் பிடிக்கும் என்று போட்டவர் அந்தக் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவராக இருக்கலாம். வரைபடம் அதைப் பற்றி வாயே திறக்காது.

அதைவிடப் பெரிய விஷயம், எஸ்.ஏ.டி. மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு சேர்ந்தே ஏறும் என்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பள்ளியும் தனிப்பயிற்சியும் கிடைக்கின்றன, ஐந்து வயதில் பியானோ வகுப்பும் கிடைக்கிறது. பீத்தோவன் பெயர் அந்த வீட்டுக் கூடத்தில் கேட்ட பெயர். வசதியில்லாத பகுதியில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் தெருவில் வளரும் பிள்ளைக்கு ராப்தான் தெருவின் இசை. ஆக, அந்த வரைபடம் அளந்தது யார் எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பதை. இன்னொன்றும் உண்டு. அதே 2009-இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியவர் இந்த லில் வெய்ன். வரிகளைத் தாளில் எழுதாமல் மனதிலேயே கோத்து நேராக ஒலிப்பதிவில் பாடுவதற்குப் பேர்போனவர். மூளை இல்லாதவர்கள் கேட்கும் இசை என்று அடியில் தள்ளப்பட்ட ஆளின் வேலை இது.

தனி ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் உண்டு. 2003-இல் ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும் டெக்சாஸில் மாணவர்களை வைத்துச் செய்தது பிரபலம். இசை ரசனைக்கும் மொழித் திறனுக்கும் கொஞ்சம் உறவு தெரியத்தான் செய்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிட நன்றாகத் தெரிந்தது குணத்தோடான உறவு, குறிப்பாகப் புது அனுபவங்களை வரவேற்கும் மனப்பாங்கு. புதிதாக எதையாவது தேடுகிற ஆள் ஜாஸ் பக்கமும் போவார், செவ்வியல் பக்கமும் போவார். அது ஆர்வம். ஆர்வத்துக்கும் வாய்ப்பு வேண்டும். பக்கத்தில் இல்லாததை எப்படித் தேடுவது?

மொசார்ட்டின் செவ்வியல் இசையைக் கேட்டால் பிள்ளை அறிவாளியாகும் என்ற கதையையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்த் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் இன்னும் அந்த இசையைக் கேட்கிறார்கள். 1993-இல் 'நேச்சர்' இதழில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு வந்தது. பத்து நிமிடம் மொசார்ட் கேட்ட பிறகு காகிதத்தை மனதில் மடித்து வெட்டிப் பார்ப்பது போன்ற கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாக எடுத்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசை கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். பிறகு பிரிட்டனில் 10, 11 வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரிடம் இதே மாதிரி சோதித்ததன் முடிவுகளை ஷெல்லன்பெர்க்கும் ஹாலமும் 2005-இல் எழுதினார்கள். மொசார்ட் கேட்ட பிள்ளைகளைவிட, 'ப்ளர்' குழுவின் பாட்டு உட்பட அன்றைய பாப் பாடல்களைக் கேட்ட பிள்ளைகள் அந்தக் காகிதக் கணக்கை நன்றாகப் போட்டிருந்தார்கள். காரணம் சாதாரணம். பிடித்த பாட்டு கேட்டால் உற்சாகம் வரும், உற்சாகமாக இருந்தால் கொஞ்ச நேரம் மூளை நன்றாக ஓடும். அவரவருக்குப் பிடித்ததுதான் அவரவருக்கு மொசார்ட்.

அப்படியென்றால் இந்த வரிசை எங்கிருந்து வந்தது? 1996-இல் பெத்தனி பிரைசன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. பிடித்த இசை எது என்று கேட்பதை விட்டுவிட்டு, பிடிக்காத இசை எது என்பதை எடுத்துப் பார்த்தார். படிப்பு ஏற ஏற மனிதர்கள் பலவகை இசையையும் ஏற்றுக்கொள்கிறார்கள், "நான் எல்லாமே கேட்பேன்" என்கிறார்கள். ஆனால் அந்த எல்லாமேயில் சில மட்டும் விடுபடுகின்றன. ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி, காஸ்பல் என்ற தேவாலயப் பாட்டு. குறைந்த படிப்புள்ளவர்கள் அதிகம் கேட்கும் இசைகள் எவையோ, அவையே.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் குரல்தான் காதில் விழுந்தது. "எல்லாப் பாட்டும் கேப்பேன்ப்பா, கஜல் கேப்பேன், ஜாஸ் கேப்பேன், நாட்டுப்புறப் பாட்டுகூட ரொம்பப் பிடிக்கும். இந்த கானா மட்டும்தான்..." அந்த 'மட்டும்' எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். வடசென்னையில் போய் நிற்கிறது. உழைக்கும் மக்களின், பெரும்பாலும் தலித் மக்களின் தெருக்களில், சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்பட்டு வளர்ந்த பாட்டில் போய் நிற்கிறது. பறையை மங்கலமில்லாத கருவி என்று ஒதுக்கிய அதே கைதான் கானாவையும் ஒதுக்குகிறது. சாதியைச் சொல்லி ஒருவரைத் தாழ்த்தினால் சட்டம் கேட்கும். "டேஸ்ட்டே இல்ல" என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

அரசே இந்த வேலையைச் செய்த காலம் உண்டு. 1952 முதல் பத்தாண்டுகள் ஒன்றிய ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது. செவ்வியல் இசை ஒலித்தது, மக்கள் திருந்துவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மக்கள் ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இந்திக்காரர்கள் அதன் கீத்மாலா என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்குப் போனார்கள், நம்மவர்கள் அதன் தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்குப் போனார்கள். கடைசியில் 1957-இல் சினிமாப் பாட்டும் ஒலிக்கும் விவித் பாரதி சேவையை அரசே தொடங்க வேண்டியதாயிற்று. கேஸ்கர் காலத்தில் மட்டம் என்று தள்ளப்பட்ட அதே ஐம்பதுகளின் பாட்டுகளைத்தான் இன்று "அந்தக் காலத்துல என்ன தரம்!" என்று சொல்லி, இன்றைய பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

அதற்கும் முன்னால், கச்சேரியில் தமிழ்ப் பாட்டே கடைசியில் பாடும் துக்கடாவாக இருந்தது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது, கச்சேரியின் கனமான இடத்தில் நிற்கத் தமிழுக்குத் தகுதி உண்டா என்று வாதாடிய பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை, இசையில் கரைகண்டவர்கள். அறிவு இருந்தும் காது மூடியிருந்தது.

இப்போது பாட்டுக்குள்ளேயே வருகிறேன். கானாவில் மூளைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு.

மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சில் நடப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருவன் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலகையில் கனமான அடியைப் பிடித்துக்கொள்வான். ஆறு எண்ணிக்கை. அவன் அதை மூன்று மூன்றாக நடத்துவான், தகிட தகிட. பக்கத்தில் இருப்பவன் விரல் நுனியாலும் ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸ் மூடியாலும் அதே ஆறை இரண்டு இரண்டாக உடைப்பான், தக தக தக. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி, நடுவில் பிரிந்து, மறுபடி ஒரே அடியில் வந்து விழும். அதன் மேல் பாடுகிறவன், அன்றைக்குக் காலையில் நடந்ததை எடுத்து, எதுகை தப்பாமல் அந்த நிமிஷத்தில் வரி கட்டுவான். ஒரு வரியில் ஒரு அசை கூடிவிட்டால் அடுத்த வரியை இழுத்துச் சரிக்கட்டுவான். மிருதங்க வகுப்பில் இதற்குத் திஸ்ரம், சதுஸ்ரம் என்று பெயர் சொல்லி வருடக்கணக்கில் பழக்குகிறார்கள். இவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. கணக்கு கையில் இருக்கிறது. அன்று டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட்டவன் நிகழ்தகவில் எங்கள் துறையின் கெட்டிக்கார மாணவர்களில் ஒருவன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. சம்பந்தம் இல்லை என்பதுதான் என் கட்சி, மேலேயும் சரி, கீழேயும் சரி.

ராகத்தைப் பற்றி அக்கறையுள்ளவர்களுக்கு 'சிந்து பைரவி' (1985) படம் நினைவிருக்கும். கச்சேரி மேடையில் இருக்கும் வித்வானிடம் தமிழில் பாடக் கேட்ட பெண், தானே பாட வேண்டி வருகிறது. படிப்பறியாதவள் பாட்டாக, நாட்டுப்புற நடையில் தொடங்குகிறாள். அந்த மெட்டு நழுவிப்போய் நேராகத் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் சேர்கிறது. காம்போதி ராகத்தில் பாடப்படும் அந்தக் கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றி, நாட்டுப்புற மெட்டையும் அதே சாரமதியில் வைத்திருந்தார். வயல்வரப்புக்கும் சபாவுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்று நினைத்தவர்கள் காதுக்கு நேராக அதை இடித்துக் காட்டிய இடம் அது. அந்தப் பாட்டுக்குச் சித்ராவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதைக் கொண்டாடுகிறவர்களே அடுத்த தலைமுறையின் காதைத் தற்குறிக் காது என்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்லாப் பாட்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. மோசமான பாட்டு உண்டு. சோம்பேறித்தனமாக எழுதிய வரி உண்டு, பெண்ணைத் துரத்துவதையும் மிரட்டுவதையும் காதல் என்று விற்கும் பாட்டு நிறைய உண்டு, கானாவிலும் உண்டு. திட்டுங்கள், நானும் வருகிறேன். பாட்டைத் திட்டுங்கள், எழுதியவரைக் கேளுங்கள். கேட்பவனின் மண்டையை ஏன் தட்டிப் பார்க்க வேண்டும்? இரவு முழுக்க லாரி ஓட்டுகிறவருக்குத் தூக்கத்தை விரட்டும் பாட்டு வேண்டும். கல்யாண வீட்டுக்கு ஒரு பாட்டு, சாவு எடுப்புக்கு ஒரு பாட்டு. எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இது வெறும் இணையச் சண்டையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வளாக நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது "என்ன பாட்டு கேப்பீங்க?" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஒரு நொடி யோசிக்கிறார்கள். பிறகு "மெலடிஸ் சார், கர்னாடிக் கொஞ்சம்" என்கிறார்கள். காதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. அதைச் சொன்னால் தன்னை எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இருபது வயதில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது?

நாம்தான். கல்லூரிகளுக்கிடையிலான கலை விழாக்களின் சுற்றறிக்கையில் லைட் மியூசிக் போட்டிக்குக் கீழே "குத்துப் பாடல்கள், கானா அனுமதி இல்லை" என்று ஒரு வரி இருக்கும். ஆபாச வரிகள் கூடாது என்றால் புரிகிறது, அது எல்லா வகைப் பாட்டுக்கும் பொருந்தும் விதி. ஒரு முழு இசை வகையையே வாசலில் நிறுத்துவது வேறு. 2018-இல் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறி, கானாவையும் பறையையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகப் பாடிக் காட்டியாயிற்று. 2020 முதல் மார்கழி மாதத்திலேயே மக்களிசை மேடை போடுகிறார்கள். கல்லூரிகளுக்கு மட்டும் இன்னும் சேதி வந்து சேரவில்லை.

அந்த வரியை எடுக்கச் சொல்லி எங்கள் கலை விழாக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கானாவுக்குத் தனிப் பரிசு கேட்கவில்லை. அதே மேடை, அதே நேரம், தாளமும் சுருதியும் தெரிந்த அதே நடுவர்கள் போதும். குழு இன்னும் கூடவில்லை. உங்கள் கல்லூரிச் சுற்றறிக்கையிலும் இப்படி ஒரு வரி இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கூட்டத்தில் சேர்த்துக் கொடுக்கிறேன்.