பிரிங்க்லி வழக்கில் ஜெயிக்கவில்லை

"ஆட்டு விரை வைத்தியர் பிரிங்க்லி கோர்ட்டில் ஜெயித்தார், பொறாமையில்தான் ரேடியோவைப் பறித்தார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருப்பது தவறு, நண்பரே. ஆண்மைக் குறைவுக்கு என்று ஆட்டின் விரையை ஆண்களுக்கு வைத்துத் தைத்த அமெரிக்கர் அவர். 1930இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநில மருத்துவ வாரியம் அவருடைய வைத்திய உரிமத்தை ரத்து செய்தது. அதே வருஷம் வானொலி ஆணையமும் அவருடைய ரேடியோ நிலையத்துக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்தது. அதை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டிலும் 1931இல் தோற்றார்.

காரணம் பொறாமை இல்லை. நேயர் கடிதத்தை மைக் முன்னால் படிப்பார், ஆளையே பார்க்காமல் "இத்தனாம் நம்பர் மருந்து வாங்குங்கள்" என்பார். மருந்துக்கடை விற்பனையில் அவருக்குப் பங்கு. வயிற்றுவலியோடு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நினைத்தால் மனசு பதறுகிறது. பிறகு மெக்சிகோ எல்லையிலிருந்து ஒலிபரப்பினார். அவரைப் போலி வைத்தியர் என்று எழுதிய, அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் ஃபிஷ்பைன் மீது போட்ட அவதூறு வழக்கிலும் 1939இல் அவருக்குத் தோல்விதான். பதிவைத் திருத்திவிடுங்கள்.