ஆக்டேவ் தவறாகக் கணக்கிடுகிறதா?

கணிதக் கணக்கீடுகளுக்கான இலவச மென்பொருளான குனு ஆக்டேவில் 0.1 + 0.2 == 0.3 என்று தட்டினால் 0, அதாவது ‘பொய்’, என்று விடை வருவதால் பொறியியல் மாணவர்கள் அதை நம்பக் கூடாது என்றொரு செய்தி பகிரப்படுகிறது. விடை அப்படித்தான் வரும். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. விலை கொடுத்து வாங்கும் அதே வகை மென்பொருளான மேட்லேபிலும் இதே விடைதான் கிடைக்கும். இரண்டுமே கணினியில் தசம எண்களைக் கையாள்வதற்கான ஐ.இ.இ.இ. 754 தரத்தின்படி எண்களை வழக்கமாக 64 பிட்டுகளில், 0, 1 என்ற இரு இலக்கங்களை மட்டுமே கொண்ட இரும முறையில் சேமிக்கின்றன. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முழுமையாக எழுத முடியாததைப் போலவே 0.1 என்பதையும் இருமத்தில் முடிவுறும்படி எழுத இயலாது என்பதால், ஏறத்தாழ 16 இலக்கங்களுக்கு அப்பால் சிறு வேறுபாடு எஞ்சுகிறது. உரிமம் வாங்க வசதியற்ற மாணவரை இதைக் காட்டி அச்சுறுத்துவது வருந்தத்தக்கது. தசம எண்களை ஒப்பிடும்போது, அவற்றின் வேறுபாடு கணக்குக்கேற்ற ஒரு சிறு வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிப்பதே எண்களை இவ்வாறு சேமிக்கும் எந்த மென்பொருளிலும் சரியான வழி.