பதில் எழுத ஆள் உண்டு, அனுப்பத்தான் ஆள் இல்லை

இன்னொரு தரநிலை அமைப்பிலிருந்து எங்கள் பணிக்குழுவுக்கு லையசன் கடிதம், அதாவது அமைப்புக்கு அமைப்பு எழுதும் அதிகாரபூர்வக் கடிதம், வந்தது. மேலேயே ‘நடவடிக்கை தேவை’ என்று போட்டு, 21 நாள் கெடுவும் கொடுத்திருந்தார்கள். எங்கள் நெறிமுறையின் (கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதி) தலைப்பகுதியில் இருக்கும் நான்கு பிட்டை அவர்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. கூடாது, அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அன்று மாலையே எழுதிவிட்டேன்.

அந்த இரண்டு வரி போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் ஆவணத்துக்கு ஒப்புதலே கொடுத்து முடித்திருந்தார்கள்!

நடுவில் என்ன நடந்தது? பணிக்குழுத் தலைவர், தொடர்பாளரிடம் (அந்த அமைப்போடு பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்) கொடுங்கள் என்றார். தொடர்பாளர், என்னை நியமித்தது மேல்குழு, அவர்கள் சொல்லாமல் அனுப்ப மாட்டேன் என்றார். மேல்குழுவோ, இது தொழில்நுட்ப விஷயம், பணிக்குழுதான் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. சரி என்று மறுபடி தலைவரிடம் போனால், இந்த உறவை யார் நிர்வகிப்பது என்பதையே முதலில் முடிவு செய்வோம் என்று தனியாக ஒரு கூட்டம் போட்டார்கள். 41 மெயில் எண்ணினேன். அதில் பிட்டைப் பற்றிப் பேசியது மூன்று. அந்த மூன்றும் நான் எழுதியவை.

எங்கள் கதை கிடக்கட்டும். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்-ல் உறுப்பினர் பட்டியலும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ‘இது எங்கள் கருத்து’ என்று யார் சொல்வது என்பது நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் 2005-ல் ஆர்எஃப்சி 4052 என்று ஓர் ஆவணம் எழுதி, தொடர்பாளரை நியமிக்கும் பொறுப்பை ஐஏபி என்ற இணையக் கட்டமைப்பு வாரியத்திடம் கொடுத்தார்கள். ஆனால் பணிக்குழுக்களை மேய்ப்பது ஐஈஎஸ்ஜி என்ற வேறொரு குழு. நியமிப்பவர் ஒருவர், விஷயம் தெரிந்தவர் இன்னொருவர். இந்த இடைவெளியில் விழும் கடிதம் கிணற்றில் போட்ட கல்தான்.

அமைப்புகளுக்கு நடுவே பேச்சு சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டி-எம்பிஎல்எஸ் விவகாரத்தைப் பாருங்கள். எம்பிஎல்எஸ் ஐஇடிஎஃப்-ன் நெறிமுறை; தரவுப் பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டி வழியனுப்புவது. அதை வைத்து ஐ.நா.வின் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான ஐடியு-டி, டி-எம்பிஎல்எஸ் என்று தனியாக ஒன்றைச் செய்யப் போய், இரண்டும் ஒத்துப்போகாமல், 2008-ல் கூட்டுக் குழு போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஒருங்கிணைப்பில்லாமல் நெறிமுறை செய்வது கேடு என்று 2009-ல் ஆர்எஃப்சி 5704 தலைப்பிலேயே சொன்னது. அப்புறமும் தீரவில்லை. 2012-ல் ஒரே வேலைக்கு ஐடியு-டி-யிடமிருந்து ஜி.8113.1, ஜி.8113.2 என்று இரண்டு பரிந்துரைகள் (தரநிலைக்கு அங்கே அதுதான் பெயர்) வந்தன. இரண்டையும் கட்டி மாரடிப்பது யார்? கருவி செய்பவனும் வலையமைப்பை நடத்துபவனும்தான்.

எந்த அமைப்போடு உறவு வைப்பது, எதை முறிப்பது என்பதை மேல்குழு முடிவு செய்யட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அன்றாடக் கடிதத்தைப் பணிக்குழுத் தலைவரிடம் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? தொடர்பாளருக்கு ஒரு நகல் போனால் போதாதா?

நேற்று அதே அமைப்பிலிருந்து அடுத்த கடிதம் வந்திருக்கிறது. இந்த முறை கெடு 14 நாள். முதல் பதில் மெயிலும் வந்துவிட்டது: “இதை யார் பார்ப்பது?”