ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் விடுபடும் பிள்ளைகள்

வெளிநாட்டிலிருந்து எங்கட ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் காசு அனுப்புகிற பழைய மாணவர்களுக்கும், இங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கிற அண்ணன், அக்காமாருக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் நான் பார்த்த பாடசாலைகளில் மாலை வகுப்பு என்றால் ஒன்று ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கு, இல்லாவிட்டால் ஓ.எல் என்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு. கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள், நன்கொடையாக வருகிற கொப்பி எல்லாம் அந்த இரண்டு வகுப்புக்கும்தான் போகிறது. இடையில் ஆறு தொடக்கம் ஒன்பது வரை நான்கு வருடம் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றரைக்கு மணி அடித்தால் வீடு. வீட்டுக்குப் போனால் கொப்பி திறப்பதில்லை. திறந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அம்மா வெளிநாட்டில், அப்பா வயலில் என்ற வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் இந்த நான்கு வருடத்தை யாரும் கவனிப்பதில்லை? அங்கே அரசாங்கப் பரீட்சை இல்லை. பெறுபேறு வராது, பத்திரிகையில் படம் வராது, வலயக் கல்வி அலுவலகத்தில் அதிபரைக் கூப்பிட்டு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பிள்ளை விழுவது அங்கேதான். ஐந்து வரைக்கும் ஒரு வகுப்பாசிரியர் இருப்பார், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். ஆறாம் ஆண்டில் பாடவேளைக்கு ஒருதரம் சேர் மாறுவார், மிஸ் மாறுவார். வரலாற்றுக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர். வாசிப்புக்கு ஒருவரும் இல்லை. தமிழ்ப்பாட ஆசிரியர் இலக்கணமும் இலக்கியமும் முடிக்க வேண்டும், அவருக்கும் நேரம் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரித்தான். 1980 முதல் அரசாங்கம் பாடப்புத்தகத்தை இலவசமாகத் தருகிறது. வருட முடிவிலும் மடிப்புக் கலையாமல் இருக்கிற புத்தகங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. வகுப்பேற்றம் மட்டும் வருடம் தவறாமல் நடக்கும். பத்தாம் ஆண்டுக்கு வரும்போது கணிதத்தில் ஒரு எஸ் (சாதாரண சித்தி) எடுப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் நட்சத்திர ஆசிரியரை டவுனிலிருந்து கூட்டிவந்து இரண்டு நாள் கருத்தரங்கு வைத்து என்ன பலன்?

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் பழைய மாணவர் சிலர் சேர்ந்து ஏழு, எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு நாள் போய் இருந்து பார்த்தேன். ஏ.எல் எழுதிவிட்டு கெம்பஸுக்குக் காத்திருக்கிற ஒரு தங்கச்சி படிப்பித்துக்கொண்டிருந்தா. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்பது கணக்கு. ஒரு பையன் மேலே இருந்ததையும் கூட்டி, கீழே இருந்ததையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். அந்தத் தங்கச்சி பிழை என்று குறி போடவில்லை, அவன் பக்கத்தில் குந்தினா.

“மனே, அப்பா அரை ஏக்கர் விதைச்சார். பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்து விதைச்சார். எல்லாமாச் சேர்த்தா அரை ஏக்கரை விடக் குறையுமா?”

“குறையாது மிஸ்.”

“அப்ப ஐந்தில் இரண்டு அரையை விடக் கூடவா, குறையவா?”

அவன் விரலை மடக்கினான், கொப்பியில் ஐந்து கட்டம் கீறி இரண்டை நிறம் தீட்டினான், கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “குறைவு மிஸ்” என்று அவனே அழிறப்பரை எடுத்தான். நாற்பது பிள்ளை இருக்கிற வகுப்பில், ஒரு பாடவேளைக்குள், எந்த நல்ல ஆசிரியராலும் ஒரு பிள்ளைக்காக இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. பின்னேர வகுப்பின் பெறுமதி அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. அதையும் தனியார் ரியூட்டரி மாதிரி கரும்பலகையில் கணக்கைப் போட்டுக்கொண்டே போகிற இடமாக்கினால் செலவழித்த காசு வீண்.

சரி, காசுக்கு வருவோம். பாடசாலைக்கு அரசாங்கத்திடமிருந்து வருகிற தர உள்ளீட்டு நிதி தாள், உபகரணம் என்று போய்விடும். ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அதில் வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அது நம் கையில்தான். நான் போட்ட கணக்கு இது: கிழமையில் மூன்று நாள், இரண்டு பேர் படிப்பிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய். இருபத்தைந்து பிள்ளைக்குச் சாப்பாடு, ஆளுக்கு நூறு. நாளைக்கு 4,500. மாதம் பன்னிரண்டு நாள் என்றால் 54,000. பத்து மாதத்துக்கு 5,40,000 ரூபாய். நுழைவாயில் வளைவும் ஸ்மார்ட் போர்டும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளைவுக்குச் சேர்க்கிற வேகத்தில் இதற்கும் சேர்க்கலாம். கொடுத்தவர் பெயரைச் சுவரில் எழுதுங்கள், அதற்கும் எனக்குச் சம்மதம்.

சாப்பாட்டை வெட்டாதீர்கள். வீட்டுக்குப் போன பிள்ளை மூன்று மணிக்குத் திரும்பி வராது. அவிச்ச கடலையும் பிளேன்ரீயும் கொடுத்து இரண்டு மணிக்கே தொடங்கினால்தான் நாலு மணிக்கு விடலாம். யானை இறங்குகிற ஊர்களில் பொழுதுபட விடுவது பெரிய பாவம்.

படிப்பிக்கிற பிள்ளைகளிடம் இலவசமாக வேலை வாங்கவும் கூடாது. சேவை, சேவை என்று சொல்லி நம் மாகாணத்தில் தொண்டர் ஆசிரியர்கள் எத்தனை வருடம் நியமனத்துக்காக ஏங்கினார்கள் என்று பார்த்தவர்கள் நாங்கள். சிறு தொகையானாலும் மாத முடிவில் கையில் கொடுக்க வேண்டும்.

“இலவசக் கல்வி இருக்கிற நாட்டில் நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும், அரசாங்கத்தைக் கேளுங்கள்” என்று சிலர் சொல்வீர்கள். கேட்கத்தான் வேண்டும். மாகாணப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் காலம் முடிந்தபின் தேர்தல் இல்லாமல் வருடக்கணக்காகக் கிடக்கிறதே, அதையும் சேர்த்துக் கேட்போம். ஆனால் இப்போது ஏழாம் ஆண்டில் இருக்கிற பிள்ளை அந்தப் பதில் வரும்வரை ஏழாம் ஆண்டிலேயே நிற்காது. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏறி டவுன் ரியூட்டரிக்குப் போகிறார்கள். மிச்சப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பாடசாலையை விட்டால் வேறு இடம் இல்லை.

ஒரு வருடத்துக்குக் கொடுத்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். குறைந்தது மூன்று வருடம், அதே பிள்ளைகளோடு. உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் கட்டடக் கதைக்கு முன்னால் அதிபரிடம் இதைக் கேளுங்கள்: ஆறாம், ஏழாம் ஆண்டில் ஒரு பந்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்? பெயரைச் சபையில் வாசிக்க வேண்டாம். எண்ணிக்கையைக் கேளுங்கள், அதற்கு எவ்வளவு காசு தேவை என்று அங்கேயே இருந்து கணக்குப் போடுங்கள்.