வான்கோழித் திருடன் சேர்த்து வைத்த ஜோடி

ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பொழுதுபோகாத பணக்காரப் பெண்ணின் கல்யாணத் தரகு விளையாட்டு என்று அதைக் கட்டுரையாளர் முடித்துவிட்டார். சரி, ஆனால் அந்தஸ்து ஏணியில் ஏறத் துடிக்கும் பாதிரியார் எல்டனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

எல்டனுக்கு ஜோடி சேர்க்க நினைக்கும் தன் தோழி ஹாரியட்டை எம்மா படமாக வரைகிறாள். அதற்குச் சட்டம் போட எல்டன் லண்டனுக்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஹாரியட் மேல்தான் மயக்கம் என்று எம்மா பூரித்துப்போகிறாள். அவர் கண்ணோ வரைந்தவள் மேல், அவளுடைய 30,000 பவுண்டின் மேல். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, குதிரை வண்டிக்குள் எம்மாவிடம் அவர் காதலைக் கொட்டும் இடம் எத்தனை முறை படித்தாலும் சிரிப்புதான். அங்கே மூக்குடைபட்டவர், கொஞ்ச நாளிலேயே 10,000 பவுண்டு என்று சொல்லிக்கொள்ளும் சொத்தோடு வேறொரு பெண்ணைப் பிடித்துவிடுகிறார். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் அக்கா வீட்டு வண்டிப் பெருமைதான். அர்த்தராத்திரியில் குடை பிடிக்கிற ரகம்.

2020இல் வந்த படத்தில் எம்மாவின் அப்பாவாக பில் நை, குளிர்காற்று வருகிறதென்று தன்னைச் சுற்றித் தட்டிகளை வைக்கச் சொல்வார். அதற்காகவே பார்க்கலாம்.

அப்புறம் நாவலின் முடிவு. மகள் கல்யாணத்துக்கு அந்த மனிதர் மசியவே மாட்டார். பக்கத்து வீட்டு வான்கோழிகள் திருட்டுப் போகின்றன. வீட்டில் ஒரு ஆண்துணை இருந்தால் தேவலை என்று பயந்துபோய்த்தான் தலையாட்டுகிறார். எம்மாவைக் கைப்பிடிக்கக் காத்திருக்கும் நைட்லியின் காதலும் கண்ணியமும் சாதிக்காததைக் கோழிக்கூண்டு சாதித்துவிட்டது!