வைக்கோல் நிறம் மட்டும் போதாது
முதல் உலகப்போர் கால ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகர் பி08 ஒன்று பிறகு சோவியத் ராணுவக் கிடங்கில் மறுசீரமைப்புக்குப் போய் வந்திருந்தால், விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு பாகங்களைச் சூடுகாட்டி மறுபடி வைக்கோல் நிறமாக்கினால் பழைய தோற்றம் வந்துவிடும் என்கிறது இணையத்தில் நான் படித்த ஒரு கட்டுரை. அது சுலபமான பாதிதான். மெருகேற்றிய எஃகு சுமார் 230 டிகிரி செல்சியஸில் அந்த மஞ்சளுக்கு வரும், கொஞ்சம் தாண்டினால் பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடிவிடும், அவ்வளவே. மிச்ச உடம்பை என்ன செய்வது? அந்தக் காலத் தொழிற்சாலையில் துருவேற்றி, கொதிநீரில் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, அதையே திரும்பத் திரும்பச் செய்து நீலமாக்கினார்கள். சட்டகத்தின் உட்புறம் வெறும் எஃகாகவே இருக்கும். சோவியத் ஆட்கள் எல்லாவற்றையும் சூடான உப்புக் குளியலில் முக்கியதால் உள்ளேயும் கறுத்திருக்கும். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தப்பாது. அதை எடுக்கலாம், சரி, ஆனால் முன்பே மெருகுச் சக்கரத்தில் மழுங்கிப்போன முத்திரைகளையும் விளிம்புகளையும் எந்த நிறமும் திருப்பித் தராது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கோல்டு புளூ, அதாவது சூடாக்காமலே எஃகைக் கறுக்கவைக்கும் திரவம், தடவினால் போதும் என்கிறார். அது சீக்கிரம் தேயும், நிறமும் மற்ற பாகங்களோடு பொருந்தாது. வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்த, எண் பொருந்தாத பாகங்களில் சோவியத் ஆட்கள் மின்பேனாவால் (உலோகத்தில் எழுதும் மின்கருவி) கீறிய எண்களை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். எனக்கென்னவோ அந்தத் துப்பாக்கியில் பொய் சொல்லாத இடம் அதுதான்.